பத்தொன்பது மூட்டை

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில்
தாளை முதலில் விசாரிப்பது மின்விசிறி.
பறக்காமல் மேசையில் மிஞ்சுவதை
அப்புறம் நான் படிக்கிறேன்.

ராணிப்பேட்டை எத்திராஜுலு விற்றது
நானூறு மூட்டை குரோம் உப்பு.
பேரணாம்பட்டு நிஸ்ஸார் அஹமது
வாங்கினார், தோல் பதனிட்டார்,
பதினான்கு மாதமாகப் பணம் தரவில்லை.
வழக்கு இவ்வளவுதான்.
கட்டு மட்டும் செங்கல் கனம்.

"சாட்சியே வேண்டாம் அம்மா,
ஆவணம் பேசுகிறது, சுருக்கத் தீர்ப்பு போதும்"
என்றார் வாதியின் வக்கீல்.
எழுந்தாள் எதிர்த்தரப்பு லோகநாயகி:
"தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
நம்ம ஊருக்கு இது போதாதா?
சாட்சி இல்லாத தீர்ப்பு வேறயா?"
பின்வரிசையில் சிரிப்பு.
எனக்கும் வந்தது. ஃபைலுக்குள் குனிந்துகொண்டேன்.

எதிருரையில் ஒரே வரி: சரக்கு தரமில்லை.
எந்த மூட்டை, என்றைக்கு, யார் பார்த்தது
சொல்லவில்லை.
சோதனைக்கூடச் சீட்டு இல்லை.
கோபமாக ஒரு கடிதம்கூட இல்லை.
இருப்பது, "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பறேன் நைனா"
ஏழு தடவை, வாட்ஸ்அப்பில்.
ஏழாவதில் கும்பிடும் கை.
நானூறு மூட்டைக்கும் ஜிஎஸ்டி வரவு எடுத்த கணக்கும் இருக்கிறது.
அரசாங்கத்திடம் நல்ல சரக்கு,
என்னிடம் வந்தால் கெட்டுப்போகிறது.

இதற்கு மூன்று வருடம் எதற்கு?
கூண்டில் ஏறினாலும் அவர்
இதே தாளைத்தான் வாசிக்கப்போகிறார்.
விசாரணை என்று ஒன்று நடந்தால்
ஏதாவது அகப்படும் என்பது எதிர்வாதமா?
வைகாசிப் பாலாற்றில் தூண்டில் போடுவது அது.
அதுவரை எத்திராஜுலுவின் கடன்கணக்கில்
வட்டி யாரையும் விசாரிக்காமல்
மாதாமாதம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்.

பேனாவைத் திறந்துவிட்டேன்.

நூற்றுப் பதினோராம் பக்கம், லாரிச் சீட்டு.
கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி.
திருப்பினேன், ஏன் என்று தெரியாது.
பின்புறம் பென்சிலில், எழுத்துக்கூட்டி:
"19 மூட்ட நனஞ்சிது. கட்டி. தேசிங்கு."

வாதியே தாக்கல் செய்த சீட்டு.
முன்பக்கத்துக்காகக் கொண்டுவந்தார்,
பின்பக்கமும் கூட வந்துவிட்டது.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.
யார் இந்தத் தேசிங்கு?
"அவங்க குடோன் ஆளு" என்றார் ஒருவர்.
"இல்லம்மா, அவங்க லாரியில வந்த ஆளு" என்றாள் இவள்,
அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தவள்.
நனைந்தது ராணிப்பேட்டையிலா, வழியிலா,
இறக்கிப் போட்ட பிறகா?
பென்சிலுக்குத் தேதி கிடையாது.
"நானூறில் பத்தொன்பது, விட்டுத் தள்ளுங்கள் அம்மா."
விடலாம். ஆனால் யார் கணக்கிலிருந்து?

முந்நூற்று எண்பத்தொரு மூட்டைக்கு
இன்றே தீர்ப்பு, வட்டியோடு.
மிச்சம் பத்தொன்பதின் கிரயத்தை
நிஸ்ஸார் அஹமது நீதிமன்றத்தில் கட்டிவிட்டு
வழக்காடட்டும்.
தேசிங்குக்குச் சம்மன்.

ஸ்டெனோ நிமிர்ந்தாள்.
"தகப்பன் பேரும்மா? விலாசம்?"
நான் வக்கீல்களைப் பார்த்தேன்.
வக்கீல்கள் கட்சிக்காரர்களைப் பார்த்தார்கள்.
எத்திராஜுலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

இடம் விட்டு டைப் அடி என்றேன்.
அடித்தாள்.
மின்விசிறியில் அந்தத் தாள்
ஒரு மூலை தூக்கி, அடங்கி,
மறுபடி தூக்கியது.