இரண்டு தட்டு

விற்பவர் தந்த தாளில் பன்னிரண்டு மாதமும் வாடகை.
டுலூத்தில் வீடு காலியாகவே கிடக்காதாம்.
பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டிச் சேர்த்த பணம்
அப்படியெல்லாம் நம்பிவிடாது.
பென்சிலால் அடித்துப் பதினொன்று என்று எழுதினேன்.
பனி அள்ள, வரி கட்ட, கூரைக்கென்று கொஞ்சம்.
ஆறு வீட்டுக்கும் சேர்த்து
மிஞ்சியது மாதம் நூற்றுப்பத்து டாலர்.

ஆய்வாளர் ரோல்ஃப் நிலவறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் போல.
"ஈரம் பழசுதான்" என்றார்.
பழசென்றால் நல்லதா கெட்டதா,
சொல்லவில்லை.

மூன்றாம் வீட்டில் திருமதி ட்வெய்ட்.
பதினோரு வருடமாக ஒரே வாடகை.
தரகர் அந்த எண்ணை வட்டமிட்டிருந்தார்: ஏற்றலாம்.
கதவைத் திறந்தவர் என்னை உற்றுப் பார்த்தார்.
"ஏழாம் நம்பர் பஸ் நீதானே?
ஜனவரியில் ஒருநாள் எனக்காக நின்றாய்."
எனக்கு நினைவில்லை.
யாருக்கும் நிற்பேன், அட்டவணை இடம் கொடுத்தால்.

அவரே கீழே இறங்கி வந்து காட்டினார்:
கொதிகலன் அடம்பிடித்தால்
இடப்பக்கக் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டு.
மூன்றாவது தட்டினால் கோபித்துக்கொள்ளும்.
ரோல்ஃப் இதைக் குறித்துக்கொள்ளவில்லை.

விடியுமுன், டிப்போவில், இன்ஜின் சூடாகும்வரை
மூன்றாம் வீட்டுக்கு நேரே இரண்டு எண்கள் எழுதினேன்.
ஒன்றுக்கு வங்கி தலையாட்டும்.
மற்றது பழைய எண்.
அதையே வைத்துக்கொண்டு
புதுக் கொதிகலன் விலையை
வீட்டு விலையில் கழித்து அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை.
ஒரு நிமிடம் பிந்திவிட்டேன்,
முதல் நிறுத்தத்தில் யாரோ ஓடி வருகிறார்கள்.