மூச்சு விடாதே

கராஜ் கதவுக்கு மெத்தை இரண்டு,
ஜன்னலுக்கு மூன்று கம்பளி,
மைக்குக்கு என் பழைய நைலான் ஸ்டாக்கிங்.
மெர்பேங்கில் காற்று திரும்பிய இரவு.
கெட்ட முட்டை நாற்றத்துக்கு மட்டும்
எங்களிடம் திரை இல்லை.

டெரோஷன் ரைமைப் பாடுவதில்லை.
எறிகிறான்.
ஒரு செங்கல்,
அது விழுமுன் அடுத்தது.
லாமன்ட்வில்லிலிருந்து வந்த லுங்கெலோ
பேஸை ஏற்ற ஏற்ற
அலமாரியில் பெயின்ட் டப்பாக்கள்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்கின்றன.
இசிசூலு, இங்கிலீஷ்,
வைவதற்கென்றே எங்கள் தெரு செய்துகொண்ட பாஷை,
நடுவில் தமிழ் ஒரே ஒரு சொல்:
விடு.

விடு,
என் நெஞ்சுக்கூட்டில் வாடகை தராமல் குடியிருப்பவனே,
காலி செய்.
விடு,
ராத்திரி இரண்டு மணிக்கு வானத்தைக் கொளுத்துகிறவனே,
உன் நெருப்பு வெளிச்சத்தில்தான்
என் எக்ஸ்ரேயைப் படித்தேன்.
விடு,
பள்ளிக்கூட நர்ஸ் அலமாரியில்
பெயர் ஒட்டிய பம்ப் நாற்பத்தொன்று,
எதற்காவது உன்னிடம் ரசீது உண்டா?
வாய்க்கும் வாயுவுக்கும் ஓர் உகரம்தான் தூரம்.
நீ அதைத் திறந்தாய்.
நான் இதைத் திறக்கிறேன்.

மூன்றாவது டேக், பதினாறாவது பார்.
அவனுக்கு மூச்சு தீர்ந்தது.
ஹீ... என்று
துருப்பிடித்த கீலில் கதவு திரும்புவதுபோல் ஒரு இழுப்பு.
நிறுத்தாதே என்று எனக்குக் கை காட்டிவிட்டு
பம்பைக் குலுக்கி வாயில் வைத்து அழுத்தினான்.
ச்சுக்.
அடுத்த பாருக்குள் சரியாக வந்து விழுந்தான்.

நான் அதை வெட்டப் போனேன்.
திரையில் அந்த இழுப்பு
நகக்கண் அளவு ஒரு மேடு, அவ்வளவுதான்.
லுங்கெலோ என் கையைத் தட்டிவிட்டான்.
"அதை வெச்சிரு. அதுதான் டிரம்."
ச்சுக்கை எடுத்து நான்கு நான்காக அடுக்கினான்.
பாட்டு முழுக்க ஹைஹாட்
என் தம்பியின் மருந்து.

பெயர் போடவில்லை.
போஸ்டரில் முகமூடி, பாட்டில் தடிப்பாக்கிய குரல்.
காரணம் அப்பா.
பத்தொன்பது வருடமாக அந்தக் கேட்டுக்குள் வால்வு திருகுகிறவர்.
போன குளிர்காலம் ஏதோ கசிந்தபோது
தட்டைப் பார்த்தபடி சொன்னார்,
எங்கள் வீட்டில் மிஞ்சிய தமிழில் கால்வாசி அது:
"மூச்சு விடாதே."

ஆறே வாரத்தில் டாக்ஸிகள் பாட்டை எடுத்துக்கொண்டன.
சீட்டுக்கடியில் ஸ்பீக்கர், அதிரும் கண்ணாடி.
ஷிஃப்ட் விடும் நேரத்தில்
ஆலை வாசலிலேயே நிறுத்தி
முழுச் சத்தத்தில் எங்கள் செங்கற்கள்.

அப்பா ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.
பக்கத்து சீட் ரெங்கசாமி அங்கிள் பிறகு சொன்னது இது:
வசவுக்கெல்லாம் நன்றாகச் சிரித்தாராம்.
இந்தப் பையன்களைப் பெற்றவன் எவன் என்றுகூடக் கேட்டாராம்.
ஒரு நிமிடம் நாற்பத்திரண்டாவது வினாடியில்
அந்த இழுப்பு வந்தது.
சிரிப்பு நின்றது.

குரலைத் தடிப்பாக்கலாம், மெலிதாக்கலாம்.
மூன்று வயதிலிருந்து
கட்டிலோரம் உட்கார்ந்து விடிய விடிய எண்ணிய மூச்சை
எண்ணியவரிடமிருந்து எப்படி மறைப்பது?
இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லையாம்.
டிரைவரிடம்,
இன்னொரு தடவை போடு என்றாராம்.

இருட்டி வெகுநேரம் கழித்து
நடந்து வந்து பூட்ஸைக் கழற்றினார்.
பருப்பில் உப்பு குறைவு என்றார்.
டெரோஷன் தட்டுக்குப் பக்கத்தில்
கம்பெனி கிளினிக் உறை ஒன்று கிடந்தது,
உள்ளே புதுப் பம்ப் இரண்டு.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன்.
யாரிடமும், அம்மாவிடம்கூட,
அப்பா மூச்சு விடவில்லை.

காலை ஐந்தரைக்கு
மறுபடி வால்வு திருகப் போனார்.
காற்று இன்னும் திரும்பவில்லை.