குரல் போன சனிக்கிழமை

இரவெல்லாம் காரில் கிடந்து விறைத்த பந்து
காலையில் துள்ளாது.
தரையில் போட்டால்
உருளைக்கிழங்கு மூட்டை போலத் தொப்பென்று விழும்.
லிதுவேனியாவில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.
இருந்தும் ஜனவரி முழுக்க
பன்னிரண்டு பந்துகளையும் காரிலேயே மறந்துவிட்டு
ஹீட்டர் குழாயோரம் வரிசையாக வைத்துக் காத்திருக்கிறேன்.
அந்தக் கால்மணி நேரம்
பிள்ளைகள் பந்தில்லாமல் ஆடுகிறார்கள்.
காலி இடம் தேடி ஓடுவது,
வெறுங்கையை நீட்டிக் கேட்பது.
முதலில் அது என் மறதி.
இப்போது பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறேன்.

யோரிஸுக்குப் பதினொரு வயது. என் தோளைத் தொட்டுவிட்டான்.
"கூடைக்கடியில் நிறுத்துங்கள்,
கையைத் தூக்கினாலே போதும்" என்கிறார்
மர லாரி ஓட்டும் அவன் அப்பா.
தப்பாகச் சொல்லவில்லை.
நிறுத்தினால் இந்த வருடம் ஜெயிப்போம்,
அடுத்த வருடமும்.
பிறகு மற்றவர்கள் வளர்வார்கள்.
இவன் நின்றுவிடலாம்;
எலும்பு யாரிடமும் கேட்டு வளர்வதில்லை.
பதினாறு வயதில், எல்லாரையும் போன்ற உயரத்தில்,
பந்தைத் தட்டத் தெரியாத ஒரு பையன்
பழக்கதோஷத்தில் கூடைக்கடியில் நிற்பான்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும்.
பதினான்காம் எண்.
அவன் ஜெர்சியால்தான் இப்போது
கார்க் கண்ணாடி துடைக்கிறேன்.

ஆகவே பந்தை யோரிஸ்தான் கொண்டுவருகிறான்.
கொண்டுவந்து, தன் காலிலேயே தட்டி, இழக்கிறான்.
நானோ கோட்டோரம்:
"இடது கை! தலையைத் தூக்கு! கொடு!
இப்போது இல்லை, இப்போது இல்லை!"
"தவறு செய்ய விடு" என்று நோட்டில் எழுதி
சிவப்பில் இரண்டு கோடு இழுத்தவன்
ஒரு தவறையும் சும்மா விட்டதில்லை.

பனெவேஷிஸ் போட்டியன்று தொண்டை கட்டிக்கொண்டது.
வாயைத் திறந்தால் காற்று.
முதல் பகுதி முடிகையில் பதினேழுக்கு இரண்டு.
ஐந்து பேரும் திரும்பித் திரும்பி
என்னையே பார்த்தார்கள்,
பந்து அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.
கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

அப்புறம் ஒரு குரல். ஸ்கைஸ்டே.
இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசியது
"வணக்கம்", "பாத்ரூம்", அவ்வளவுதான்.
"உனக்குப் பின்னால் ஒருத்தன்!
யோரிஸ், இடப்பக்கம் காலி!"

அந்த இடப்பக்கம் எனக்குத் தெரியவில்லை.
நான் நின்ற இடத்திலிருந்து
அது தெரியவே தெரியாது.

பிறகு எல்லாரும் கத்தினார்கள். தப்பாகவும் கத்தினார்கள்.
இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஓடி
மண்டை இடித்துக்கொண்டு
விசில் ஊதியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்றோம். நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பது.
யோரிஸ் பதினொரு முறை பந்தை இழந்தான்.
பன்னிரண்டாம் முறை நடுக்கோட்டைத் தாண்டி,
கீழே பார்க்காமல்,
ஸ்கைஸ்டேயின் கைக்கு அனுப்பினான்.
அவள் எறிந்தது வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது.
பரவாயில்லை என்று சொல்ல எனக்குக் குரலில்லை.
யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை,
அதற்குள் தடுக்க ஓடிவிட்டார்கள்.

வெளியே லாரிக்காரர் கண்ணாடியில்
பனி சுரண்டிக்கொண்டிருந்தார்.
"நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்போம்."
தலையாட்டினேன். உண்மைதானே.
இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.
"அந்தக் கத்திய பெண், யார் மகள்?"

செவ்வாய்க்கிழமை குரல் திரும்பிவிட்டது.
பந்துகளை வேண்டுமென்றே காரில் விட்டுவிட்டு,
வாயில் ஒரு பெரிய புதினா மிட்டாயோடு
கோட்டோரம் நின்றேன்.
அது தானாகக் கரையும்வரை பேசக்கூடாது,
கடிக்கவும் கூடாது.
இது எனக்கு நானே போட்ட விதி.

நான்காவது நிமிடத்தில்
யோரிஸ் மறுபடி காலில் தட்டினான்.

கடித்துவிட்டேன்.