மூன்றங்குல றெஜினோல்ட்

பற்கள்தான் என் தொழில்.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஏசி பழுதான அறையில்
முகம் தெரியாத வாய்களுக்கு
மேல்வரிசை, கீழ்வரிசை.
மூதூரில் ஒரு வாத்தியார் சிரிப்பதும்
கிண்ணியாவில் ஒரு உம்மா எலும்பு கடிப்பதும்
என் கைவேலை.
முழு மனிசனாய் ஒருவரையும்
செய்ததில்லை.

அவனுக்கு நாற்பத்திமூன்று வருகிறது.
சேட் வாங்கிக் கொடுத்தால்
அடுத்த கிழமையே எண்ணெய்த்துணி.
மணிக்கூடு கட்டான்.
ஆகவே, மிஞ்சிய மெழுகு,
ஸ்பிரிட் விளக்கு,
பல்லிடுக்குக் கீறும் மெல்லிய கத்தி,
இரவு ஒன்பதுக்கு மேல்.

குந்தியிருக்க வைத்தேன்.
எஞ்சினுக்கு முன்னால் அவன் குந்துவதுபோல
ஆரும் குந்துவதில்லை:
ஒரு குதி நிலத்தில், மற்றது காற்றில்,
பாரம் முழுக்க ஒரு முழங்காலில்.
மூன்று தரம் சரிந்து விழுந்தான்.
நாலாம் தரம்
கீழே ஒரு பெயின்ற் வாளி செய்து கொடுத்தேன்.
உண்மையில் அவனிடம் வாளி இல்லை.

மூக்கு ஒரு கடுகு.
காது அதைவிடக் கரைச்சல்.
போனில் இருந்த படம் ஒன்றும் உதவவில்லை,
எல்லாவற்றிலும் கமராவுக்குப் பயந்து
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
"உப்புத்தண்ணி குடிச்சிருக்கு, பாவம்"
என்று ஒரு எஞ்சினைத் தடவி அவன் சொன்ன அன்றைக்கு
வாய் எந்தப் பக்கம் இழுபட்டது என்று நினைத்தேன்.
இடப்பக்கம்.
முகம் வந்துவிட்டது.

பிறகு இடக்கை.
ஐந்து விரலும் வடிவாய் வைத்து முடித்து
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால்
வேறு ஆரோ இருந்தான்.
கலியாண அல்பத்தில் ஓரமாய் நிற்கிற
ஒரு நல்ல பொடியன்.
இல்லாததை நிரப்பியே பழகிய கை,
கேளாமலே நிரப்பியிருக்கிறது.

மீன்பிடி ரோலரின் பெல்ற் கொண்டுபோன இரண்டை
நான் இரண்டாம் தரம் வெட்டினேன்.
மோதிர விரல். சின்ன விரல்.
கத்தி போனது கூடத் தெரியவில்லை, அவ்வளவு மெது.
மேசையில் இரண்டு குறுணி அரிசி.
மெழுகுச் சட்டிக்குள் திரும்பப் போட
மனம் வரவில்லை.
பேர் எழுதாத பல்டப்பா ஒன்றில் போட்டு மூடினேன்.

பிளாஸ்டருக்குள் இறுக்கி, கொதிநீரில் வைத்து,
மெழுகை வெளியே ஊற்றினேன்.
அரை மணித்தியாலம்
அவன் ஒரு ஓட்டை மட்டும்தான்.
விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன்,
தலைகீழாய், உள்வெளியாய், குந்தியபடி.
பயமாய்த்தான் இருந்தது.
கெதியாய் அக்ரிலிக் குழைத்து நிரப்பினேன்.
எங்களிடம் இருப்பது ஒரே நிறம், முரசு நிறம்.
தலைமயிரும் முரசு நிறம்,
வாளியும், காற்சட்டையும், ஸ்பானரும்.

டச்சுக் குடாப் பக்கம், அவனுடைய தகரக் கொட்டிலில்
பெட்டியைத் திறந்தான்.
திருப்பினான். கவிழ்த்தான்.
எஞ்சின் பார்க்கிற அதே பார்வை.
நான் மூச்சை வைத்துக்கொண்டு
கைக்கு வருவான், கைக்கு வருவான் என்று நிற்க
"என்ன பல்லுக்காரி,
செருப்பு ரெண்டும் இடக்கால்" என்றான்.

பார்த்தேன். உண்மைதான்.
இருவரும் சிரித்த சிரிப்பில்
கடற்கரை மான் ஒன்று உள்ளே தலையை விட்டு
பரிசுப்பெட்டியைக் கடித்து இழுத்துக்கொண்டு போனது,
ரிபனோடு.
துரத்த ஒருவரும் எழும்பவில்லை.

பிளக்குகள் அடுக்கிய தட்டில்
கடலைப் பார்க்க வைத்தேன்.
அவன் எஞ்சினைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.
கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
என் கைப்பைக்குள் அந்த டப்பா,
நடக்கையில் ஒரு சின்னச் சத்தம்.
கொடுக்கவில்லை. எறியவுமில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
ஒரு யமஹாவுக்கு முன்னால்
பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தான்,
ஒரு குதி நிலத்தில், மற்றது காற்றில்.
வாளி நீலம்.
அதை நான் நினைத்திருக்கவில்லை.