பகல் பத்து நாற்பதுக்கு அருந்ததி

தறிகள் நின்றிருந்தன. நகரியில் கரண்ட் போனால்
ஊருக்கே காது அடைத்தாற்போல் இருக்கும்.
அந்த நேரம் பார்த்து வந்தாள் வனஜாட்சி.
பெயரில் தாமரைக் கண்,
இடதில் மைனஸ் நாலரை.
நாளை மறுநாள் கல்யாணம்.
"இதப் போட்டா அருந்ததி தெரியுமா, ஓபுலேசு?
தெரியலன்னா ஆறு மாசத்துல சாவாமே."

என்னிடம் தெலுங்கு அட்டை உண்டு, தமிழ் அட்டை உண்டு,
எழுத்தறியாதவர்க்கு
நாலு பக்கமும் திரும்பி நிற்கும் மூன்று பல் சீப்பு உண்டு.
இதற்கு அட்டை இல்லை.
சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி
மொட்டைமாடி ஏறினோம்.
டார்ச்சோடு அவள் தம்பியும் வந்தான்.

வடக்கே ஏழு. வாலில் நடு மீன்.
வில்லையை மாற்றினேன். இன்னொன்று மாற்றினேன்.
"அய்யோ, ரெண்டு இருக்கு!"

சின்னதுதான் அவள்.
பழந்தமிழில் வடமீன்.
குவைத்தில் வண்டி ஓட்டும் என் மச்சான் சொல்வான்,
அங்கே அது சுஹா,
மறந்துபோனது என்று அர்த்தமாம்.
புரோகிதரைக் கேட்டால் வசிட்டர் பத்தினி;
பதம் பிரித்து, தடுக்க முடியாதவள் என்பார்.
எங்கள் பேட்டையில் கேட்டால்
எங்கள் வீட்டுப் பெண்.
ரிஷி பெண் கேட்டு நடந்த தெரு இதுதான் என்று
கையும் காட்டுவார்கள்.
தாசில்தார் ஆபீசில் கேட்டால்
என் சர்டிபிகேட்டில் மூன்றாம் வரி.

அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
சின்ன ஊர்.
எல்லார் வரியும் எல்லாருக்கும் மனப்பாடம்.

"முகூர்த்தம் எத்தனைக்கு?"
"பகல் பத்து நாற்பது."
சிரித்துவிட்டேன்.
அந்நேரம் அது வானத்திலேயே இருக்காது, தாயி.
வடக்கே, பூமிக்கு அந்தப் பக்கம்,
நம் காலுக்கெல்லாம் கீழே.
"கீழயா?"
"கீழதான்."
டார்ச்சை வாங்கி
சிமெண்டுத் தரையில் அடித்துப் பார்த்தாள்.

மண்டபத்தில் செருப்புக் குவியலருகே நின்றிருந்தேன்,
தயாரான கண்ணாடி சட்டைப் பையில்.
போட்டோ முடிந்துதான் போடுவேன் என்றிருந்தாள்.
புரோகிதர் வெயிலைக் காட்டினார்.
மாப்பிள்ளை வெயிலைக் காட்டினான்.
தெரியுதா? தெரியுது, தெரியுது.
பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று
கண்ணைச் சுருக்கினார்கள்.

வனஜாட்சி தரையைப் பார்த்தாள்.
"என்னா அடக்கம் பாரு" என்றது
வீடியோக்காரர் பக்கம் ஒரு குரல்.
லேசாகத் திரும்பி நின்றிருந்தாள்,
வடக்கே.