முழுகும் தேதி

தெற்காவணி மூல வீதி, மாடிப்படிக்குக் கீழே
ஆறடிக்கு நாலடி அடகுக்கடை.
ரசீது எழுதுவது நான்.
பெயர், எடை, தொகை, வட்டி,
முழுகும் தேதி.

வைகையில் முழுகத் தண்ணீர் இல்லை.
எங்கள் பேரேட்டில் எப்போதும் வெள்ளம்.

முதலாளியின் அப்பா காலத்துப் பேரேட்டைக்
கரையான் பாதி வாசித்துவிட்டது.
மீதியை நான்.
ஐம்பத்தேழு ஏப்ரல்: அணாவைப் பைசாவாக்கிக்
கூட்டிப் பார்த்த பக்கத்தின் ஓரத்தில்
கோணல் கையெழுத்து:
'அணாவுக்கு ஆறே கால். கால் யாருக்கு?'
பதில் எழுதவில்லை யாரும்.

அறுபத்தாறு ஜூனில்
டில்லியில் ரூபாயை இளைக்க வைத்தார்கள்.
அந்த வாரம் இங்கே வந்தவை
எட்டுத் தாலிக்கொடி, ஒரு வெள்ளிக் கும்பா,
'தெரிந்த முகம், சாட்சி வேண்டாம்' என்ற குறிப்போடு
ஒற்றைக்கல் மூக்குத்தி.
மூக்குத்தி முழுகிப்போயிருக்கிறது.

தொண்ணூற்றொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.
நாட்டுத் தங்கமே லண்டனில் அடகாம்,
பேப்பரில் போட்டிருந்தது.
தராசுக்காரர் சோணைமுத்து கேட்டார்:
'ரசீது யாரு பேர்ல? முழுகுற தேதி போட்டானா?'
சிரித்தோம்.
சிரித்துக்கொண்டே இடுப்பில் தொட்டுப் பார்த்தேன்,
என் சங்கிலியின் ரசீதை.

அப்புறம் அந்த நவம்பர் ராத்திரி.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தாள்
செல்லூர் இட்லிக்கடை ஒச்சம்மாள்.
அதே ஜோடி வளையல், பதினோராவது தடவை அடகில்.
மஞ்சப்பையில் ஐந்நூறாய்க் கட்டு.
'இன்னும் செல்லுமா?'
முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.
'பன்னண்டு வரைக்கும்.'
அவளுக்குப் பின்னால் தெருமுனை வரை ஆட்கள்.

பணம் செத்த ராத்திரி
தங்கமெல்லாம் வீட்டுக்குப் போனது.
பெட்டகத்தில் வளையலில்லை, கொடியில்லை,
கட்டுக்கட்டாய் வெறும் காந்தி.

எட்டாம் நாள் அதே வளையலோடு வந்தாள்.
அரிசிக்காரன் சில்லறை கேட்கிறானாம்.
எங்களிடம் நூறு ரூபாய்த் தாள் ஒன்றுகூட இல்லை.
தொகைக் கட்டத்துக்கு மேல் பேனா நின்றது.
'நீ எழுது தாயி, பணம் வந்ததும் வாங்கிக்கிறேன்.
ஆமா, அதுவரைக்கும்
வட்டி யாரு யாருக்கு?'

கல்லாவின் அடியில் துழாவியதில்
பதினாலு பத்து ரூபாய்க் காசு.
எண்ணி முடிந்துகொண்டாள்.
பஸ் கண்டக்டர் இதை வாங்கமாட்டான் என்று
யானைக்கல் பாலத்தில்
நடந்தே போனாள்.