முன்னால் நீங்கள்

டுலூத். ஜனவரி. பிற்பகல் நாலு மணி.
ஏரி உறைந்து கிடக்கிறது,
வெளிச்சம் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.
விற்பனைப் பலகை இடுப்பளவு பனியில் புதைந்த வீட்டுக்குக்
கால்மணி முன்னதாகவே வந்துவிட்டேன்.
காரைத் தெருவிலேயே விட்டேன், மூக்கு வெளியே பார்க்க.
வாசல்வரை ஓட்டிப் போனால்
பின்னால் வரும் வண்டி வழியை அடைத்துக்கொள்ளும்.

எல்லா விளக்கையும் போட்டேன்.
எல்லாத் திரையையும் விலக்கினேன்.
நல்ல வெளிச்சமான வீடு என்பார்கள் வருகிறவர்கள்.
ஆமாம் என்பேன்.
பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்கி வைத்ததையும்
சமையல் மேடையிலிருந்த கத்திகளை
இழுப்பறைக்குள் தள்ளியதையும்
சொல்வதில்லை.

முதலில் அலுவலகத்துக்கு வாருங்கள் என்றிருந்தேன் தொலைபேசியில்;
நேரமில்லை என்றான்.
வங்கிக் கடிதம் கேட்டேன்;
ரொக்கம் என்றான்.
மூன்று மாதமாக ஒரு வீடும் நகரவில்லை.
வந்தேன்.

அவன் வண்டி எண்ணைப் படமெடுத்து ரெனேவுக்கு அனுப்பினேன்.
ரெனே இப்போதெல்லாம் கழுத்தில் துண்டு சுற்றுவதில்லை,
சுழியத்துக்குக் கீழே இருபதிலும்.
ஏன் என்று அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை.

நெடிய ஆள். தடித்த கையுறை, உள்ளே வந்தும் கழற்றவில்லை.
ஒவ்வொரு அறை வாசலிலும்
"முன்னால் நீங்கள்" என்றேன்.
மரியாதை என்று நினைத்திருப்பான்.
இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்து வருவது
முதுகுகளை.
முதுகு பொய் சொல்லாது என்று எழுத ஆசைதான்.
சொல்லும்.

"நிலவறையைக் காட்டுங்கள்."
"விளக்கு இடப்பக்கம். பார்த்துவிட்டு வாருங்கள்."
"நீங்கள்?"
"முழங்கால் வலி."
என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

இறங்கினான். பதின்மூன்று படி, எண்ணினேன்.
அப்புறம் சத்தமே இல்லை.

வாசற்கதவைத் திறந்து
ஒரு கால் உள்ளே, ஒரு கால் பனியில்.
சொந்தக்காரர் காசில் சூடேறிய காற்றெல்லாம்
என்னைத் தாண்டி ஏரிக்குப் போயிற்று.
பாம்பென்று தாண்டவும் முடியாமல்
பழுதை என்று மிதிக்கவும் முடியாமல்
கைபேசியை எடுத்தேன்.
"ரெனே, அந்த நீலக் கோப்பு என் மேசையில் இருக்கிறதா?"
எங்கள் அலுவலகத்தில் நீலக் கோப்பே கிடையாது.
மறுமுனையில் நாற்காலி பின்னுக்குப் போகும் சத்தம்.
"தேடிப் பார்க்கிறேன், மார்லிஸ்."
சாவிக்கொத்தின் சத்தம்.

படியேறி வந்தான். தொப்பியில் ஒட்டடை.
"தண்ணீர் இறைக்கிற மோட்டார் செத்துப்போச்சு, தெரியுமா?"
ஒட்டடையை எடுக்கக் கையுறையைக் கழற்றினான்.
இரண்டு விரல் இல்லை.
மர ஆலையோ, ஏதோ ஒரு பழைய ஜனவரியோ.
திறந்த கதவைப் பார்த்தான்,
வெளியே இருந்த என் காலைப் பார்த்தான்,
நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு
"முழங்கால் பரவாயில்லையா?" என்று கேட்டார்.

கேலியா, கரிசனமா,
இன்றுவரை தெரியாது.
வீட்டை அவர் வாங்கவில்லை.
தெருமுனையில் ரெனேயின் கார் சறுக்கித் திரும்பியபோது
அவர் வண்டி கிளம்பிவிட்டிருந்தது.
கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்,
வெறுங்கழுத்தோடு.

சொந்தக்காரருக்கு அந்த மாதம்
எரிவாயு பில் கொஞ்சம் கூடியிருக்கும்.